செட்டிநாட்டில் தங்கிக் கடலோரம் சென்றுவர: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் திருமணத்துக்கோ படைப்பு என்னும் குடும்பப் படையலுக்கோ வருகிற வெளியூர் உறவினர்கள், பெரிய வீடுகளையும் பிள்ளையார்பட்டியையும் பார்த்து முடித்தபின், "பக்கத்தில் கடல் இருக்கிறதா, பிள்ளைகளை அழைத்துப் போகலாமா?" என்று கேட்பது வழக்கம். அவர்கள் கேட்பவற்றுக்கான விடைகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. கடற்கரை, பறவைகள், கடல்வாழ் உயிர்கள், படகு விளையாட்டுகள் ஆகியவற்றைப் பற்றி மட்டுமே இதில் பேசப்படுகிறது. கோயில்களுக்கு வழிகாட்ட வேறு பலர் இருக்கிறார்கள்.

செட்டிநாட்டுக்கு மிக அருகில் உள்ள கடற்கரை எது?

தொண்டி. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியுள்ள செட்டிநாட்டு ஊர்களில் ஒன்றுகூடக் கடலோரத்தில் இல்லை என்றாலும், தேவகோட்டை, திருவாடானை வழியாகக் காரில் சென்றால் காரைக்குடியிலிருந்து ஒன்றேகால் மணி நேரத்தில் தொண்டிக் கடலைப் பார்த்துவிடலாம். அறந்தாங்கி வழியாகச் சென்றால் புதுக்கோட்டை மாவட்டத்துக் கடலோர ஊர்களான மீமிசல், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் ஆகியவற்றை அடையலாம். காரைக்குடி மீன்கடைகளுக்குச் சரக்கு வருவதும் பெரும்பாலும் இந்தக் கரையிலிருந்துதான்.

செட்டிநாட்டு வணிகக் குடியினரான நகரத்தாரின் முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பெயர்ந்து வந்தவர்கள் என்பது மரபு. வெள்ளத்துக்கு அஞ்சியே வீட்டுத் தளத்தை உயர்த்திக் கட்டினார்கள் என்று ஊரில் சொல்வார்கள். அது எப்படியிருந்தாலும், வளவில், அதாவது அந்த வீடுகளின் உள்முற்றத்தில், நின்று சுவரைக் கையால் தடவிப் பார்க்கும்போது கண்ணாடி போல் வழுக்குகிற அந்தப் பூச்சில் கடற்கிளிஞ்சலைச் சுட்டு அரைத்த சுண்ணாம்பு இருக்கிறது. ஆகவே கடலைத் தேடிப் புறப்படுமுன்பே அதன் ஒரு பகுதியை நீங்கள் தொட்டுவிட்டீர்கள்.

தொண்டியில் அலையே இல்லையே, அது கடற்கரைதானா?

பலர் ஏமாற்றம் அடைவது இந்த இடத்தில்தான். மெரினாவையோ கன்னியாகுமரியையோ மனத்தில் வைத்துக்கொண்டு வருபவருக்குத் தொண்டி ஓர் ஏரிக்கரையாகத் தெரியும். காரணம் எளியது. தொண்டி, தேவிபட்டினம், மீமிசல், அதிராம்பட்டினம் ஆகியவை யாவும் பாக் விரிகுடாவின் கரையில் உள்ளன. அந்த விரிகுடாவின் ஆழம் பெரும்பாலான இடங்களில் 15 மீட்டருக்கும் குறைவு. கிழக்கே இலங்கையும் தெற்கே இராமேசுவரம் தீவும் அதையடுத்த மணல் திட்டுகளும் அரணாக நிற்பதால், பெருங்கடலின் அலை உள்ளே நுழைவதில்லை. நூறடி நடந்தாலும் தண்ணீர் முழங்காலைத் தாண்டாத இடங்கள் உண்டு; அடியில் மணலைவிடச் சேறும் கடற்புல்லுமே மிகுதி.

எனவே அலையில் குதித்து விளையாட வேண்டும் என்றால் தொண்டிக்குப் போகாதீர்கள். கடல்வாழ் உயிர்களைப் பார்க்க வேண்டும், சின்னஞ்சிறு பிள்ளைகளோடு அச்சமின்றிப் படகில் போக வேண்டும் என்றால் இந்த அலையில்லாக் கடலுக்கு இணை தமிழகத்தில் குறைவு. அமைதியும் ஆழமின்மையுமே கடற்புல் வளரக் காரணம். கடற்புல் இருப்பதால்தான் நண்டும் இறாலும் கடல்பசுவும் இருக்கின்றன.

எந்த மாதத்தில் வருவது நல்லது?

நாட்காட்டியைவிடக் காற்றைப் பார்த்து முடிவு செய்வதே சரி. இப்பகுதிக்கு இரண்டு கடல்கள். இராமேசுவரம் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. தீவில் உள்ளவர்கள் வடக்கில் இருப்பதைப் பெண் கடல் என்றும் தெற்கில் இருப்பதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். ஆனால் இது ஆண்டு முழுவதும் பொருந்துவதில்லை. ஏறத்தாழ மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும்போது மன்னார் வளைகுடா கொந்தளித்து, பாக் விரிகுடா தட்டுப்போல் கிடக்கும். ஐப்பசியில் வாடைக் காற்று பிறந்ததும் நிலைமை தலைகீழாகி, வடக்குக் கரை கலங்கிச் சேறாகிவிட, தெற்குக் கரை அடங்கிவிடும். ஒரே நாளில் பாம்பன் பாலத்தின் இருபுறமும் இரண்டு விதமான கடலைப் பார்க்க முடிவது இதனால்தான். ஒரு பக்கம் படகு விடவில்லை என்று சொன்னால் மறுபக்கம் விசாரியுங்கள்.

இனி மாதக்கணக்கு. பறவைகளுக்காக வருபவர்கள் நவம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை வரலாம். தெளிந்த நீரில் மூழ்கிப் பார்க்கவும் துடுப்புப் படகு விடவும் பிப்ரவரி, மார்ச் இரண்டும் நல்ல மாதங்கள். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை வடகிழக்குப் பருவமழைக் காலம். புயலுக்கும் அதுவே காலம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்த கஜா புயல், வேதாரண்யம் முதல் புதுக்கோட்டை வரை தென்னையை எப்படிச் சாய்த்தது என்பதை இப்பகுதியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த இரண்டு மாதங்களில் பயணத்தைத் திட்டமிட்டால், கைவிடவும் ஆயத்தமாக இருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் கடுமை. விடுமுறை என்பதால் வேறு வழியில்லாமல் வருபவர்கள் காலை ஒன்பது மணிக்குள் கடலை முடித்துக்கொண்டு, மீண்டும் மாலை நான்கரைக்கு மேல் வெளியே வருவது நல்லது.

ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது. எங்கே போவது?

காரங்காடு. தொண்டியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கு நோக்கி அரை மணி நேரத்தில் வந்துவிடும் மீனவர் கிராமம் இது. அலையாத்திக் காட்டின் நடுவே வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து படகுப் பயணம் நடத்துகிறார்கள். இது பெயர்பெற்ற இடமல்ல என்பதே இதன் நல்வாய்ப்பு. பிச்சாவரத்துக் கூட்டத்தில் பாதிகூட இங்கே இருக்காது.

படகு கால்வாயை விட்டுக் கிளம்பியதும் இரு கரையிலும் வெண்கண்டல் மரங்கள் நெருங்கி வரும். நீர் வடிந்த நேரமாக இருந்தால், சேற்றிலிருந்து விரல் நீளத்துக்குப் பென்சில் நட்டு வைத்ததுபோல் ஆயிரக்கணக்கான வேர்கள் மேல் நோக்கி நிற்பதைக் காணலாம். சேற்றுக்குள் காற்று புகாது என்பதால் மரம் மூச்சுவிடுவதற்காக வெளியே அனுப்பியுள்ள வேர்கள் அவை. அந்த வேர்களுக்கிடையே ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த சிறு நண்டுகள் வளையை விட்டு வெளியே வந்து, அந்தக் கொடுக்கை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருக்கும். படகின் நிழல் விழுந்த நொடியில் அத்தனையும் காணாமல் போகும். படகோட்டியிடம் கேட்டு, கைக்கு எட்டும் இலை ஒன்றை நாவால் தொட்டுப் பாருங்கள், உப்புக் கரிக்கும். உறிஞ்சிய உப்பை இலை வழியே வெளியேற்றித்தான் இந்த மரம் கடல்நீரில் பிழைக்கிறது. பள்ளிப் பாடத்தில் ஒரு பக்கத்துக்கு எழுதியிருப்பதைப் பிள்ளைகள் ஒரு நொடியில் புரிந்துகொள்கிற இடம் இது.

காலையில் முதல் படகில் செல்லுங்கள். பகல் ஏற ஏறப் பறவைகள் உள்ளே ஒதுங்கிவிடும், காற்றும் எழும்பிவிடும்.

மன்னார் வளைகுடாத் தீவுகளில் இறங்கிச் சுற்றிப் பார்க்க முடியுமா?

நினைத்தபடி முடியாது. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே வரிசையாக உள்ள 21 தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அவற்றுள் இரண்டு இப்போது நீருக்குள் அமிழ்ந்துவிட்டன. தீவுகளைச் சுற்றியுள்ள பெரும்பரப்பு 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமானது. 117 வகைப் பவளங்கள் இங்கே பதிவாகியுள்ளன. அனுமதியின்றித் தீவில் கால் வைப்பது குற்றம். "தெரிந்த படகுக்காரர் இருக்கிறார், இறக்கிவிடுவார்" என்று யாராவது அழைத்தால் மறுத்துவிடுங்கள்; பிடிபட்டால் படகை இழக்கப்போவது அந்த ஏழை மீனவர்தான்.

சட்டப்படி பார்க்க வழிகள் உண்டு. பாம்பனை அடுத்த குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறை ஏற்பாட்டில் பயணிகளை அழைத்துச் செல்வதுண்டு. ஏர்வாடிப் பக்கம் பிச்சைமூப்பன்வலசையில் அடிப்பாகம் கண்ணாடியால் ஆன படகில் சென்று, பவளத்தையும் அதைச் சுற்றித் திரியும் வண்ண மீன்களையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். நீந்தத் தெரியாத பெரியவர்களுக்கு இதுவே ஏற்றது. இரண்டும் காற்றையும் கடல் நிலையையும் பொறுத்தவை என்பதால், புறப்படுவதற்கு முந்தைய நாள் தொலைபேசியில் விசாரிக்காமல் போகவே கூடாது. குந்துகாலில் படகு இல்லை என்றாலும் வீணில்லை. சிகாகோ சென்று திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரி 26 அன்று வந்திறங்கிய பாம்பன் கரை இதுவே. அங்கே அவருக்கு நினைவு மண்டபம் இருக்கிறது.

தனுஷ்கோடியில் குளிக்கலாமா?

கூடாது. காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தனுஷ்கோடிச் சாலை முடியும் அரிச்சல்முனையில் இரண்டு கடல்களும் சேருமிடத்தில் நீரோட்டம் கணிக்க முடியாதது. மேலே அமைதியாகத் தெரிகிற நாளிலும் அடியில் இழுக்கும். ஒவ்வோர் ஆண்டும் எச்சரிக்கைப் பலகை இருக்கிறது, ஒவ்வோர் ஆண்டும் அதன் கீழே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

பார்க்க வேண்டிய இடம் என்பதில் ஐயமில்லை. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், சென்னையிலிருந்து ரயிலில் வந்து, தனுஷ்கோடியில் கப்பல் ஏறி, தலைமன்னாரில் இறங்கி மீண்டும் ரயில் பிடித்துக் கொழும்பு போகிற வழி உருவாயிற்று; இலங்கையில் கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த செட்டிநாட்டுக் குடும்பங்களில் தாத்தாக்கள் அந்த வழியாகப் போய்வந்த கதை இன்னும் பேச்சில் இருக்கிறது. 1964 டிசம்பர் 22 இரவில் அடித்த புயலில் ஊரும், நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்த பயணிகள் ரயிலும் அழிந்தன. ரயிலில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. எஞ்சியிருக்கும் தேவாலயச் சுவரைப் பாருங்கள். பவளக்கல்லால் கட்டியது என்பது அருகே சென்றால் தெரியும். கல்லில் பவளப் பூச்சிகள் இருந்த குழிகள் தேன்கூடு போல அப்படியே இருக்கின்றன.

2017 முதல் முனை வரை தார்ச்சாலை இருப்பதால் சொந்தக் காரிலேயே போகலாம். பொழுது சாய்வதற்குள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். குளிர்காலத்தில் வந்தால் சாலையின் இருபுறமும் உள்ள ஆழமற்ற நீரில் பூநாரைக் கூட்டத்தைத் தேடுங்கள். தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, வளைந்த அலகால் சேற்று நீரை வடிகட்டித் தின்னும் பறவை அது. 2025 ஜூன் மாதத்தில் இப்பகுதி பெரிய பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. காரை விட்டு இறங்கி அவற்றை நோக்கி ஓடிப் பறக்கவைத்துப் படம் எடுப்பவர்களைப் பார்த்தால், தயங்காமல் தடுத்துச் சொல்லுங்கள். நெடுந்தொலைவு பறந்து வந்த பறவை இரை தேடும் நேரம் அது.

அப்படியானால் நிம்மதியாகக் குளிக்க எங்கே போவது?

அரியமான். இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் செல்லும் வழியில் உச்சிப்புளிக்கு அருகே, சவுக்குத் தோப்பை ஒட்டிய அகலமான மணற்கரை. பாக் விரிகுடாப் பக்கம் என்பதால் வாடைக்காலம் தவிர்ந்த மாதங்களில் நீர் அமைதியாகவே இருக்கும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தையும், அது விட்டுச்செல்லும் குப்பையையும் தவிர்க்க வார நாளில் செல்லுங்கள்.

சாகச விளையாட்டுகள் என்னென்ன உண்டு? நீச்சல் தெரியாவிட்டால்?

உச்சிப்புளியை அடுத்த பிரப்பன்வலசையில் கயாக் என்கிற சிறு துடுப்புப் படகும், பலகைமேல் நின்றபடியே துடுப்புப் போடும் விளையாட்டும், மூச்சுக்குழாய் வைத்துக்கொண்டு நீருக்குள் பார்க்கும் ஸ்நார்கெலிங்கும் பயிற்சியாளர்களின் துணையோடு நடக்கின்றன. இராமேசுவரம் தீவில் பட்டத்தின் இழுவிசையில் அலைமேல் சறுக்கும் விளையாட்டைக் கற்றுக்கொடுக்கிறார்கள். ஒரு கரையில் காற்று சரியில்லை என்றால் மறு கரைக்குப் போய்விடலாம் என்பதால், ஆண்டின் பெரும்பகுதி இதற்கு ஏற்றதாக இருக்கிறது.

நீச்சல் தெரியாதவர்கள் கயாக்கிலும் பலகையிலும் தாராளமாக ஏறலாம். அமைதியான நாளில் கரையோரம் இடுப்பளவு நீர்தான். ஆயினும் உயிர்காப்பு உடை உடலோடு இறுகப் பொருந்தியிருக்க வேண்டும். தோளைப் பிடித்து மேலே தூக்கினால் உடை காதுவரை ஏறிவருகிறது என்றால் அது உங்கள் அளவு அல்ல, வேறு கேளுங்கள். பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் அளவைக் கட்டிவிட்டுப் "பரவாயில்லை" என்று சொல்கிற இடத்தில் பணம் கொடுத்திருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும்போது பலகையில் ஏறாமல் இருப்பதே அறிவு. போவது எளிது, திரும்பத் துடுப்புப் போட்டுக் கை ஓய்ந்துவிடும்.

வெயிலைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. நீரின்மேல் காற்று வீசுவதால் சூடு தெரியாது. மாலையில்தான் தோள்பட்டை எரியும். முழுக்கைப் பருத்திச் சட்டையும் தொப்பியும் போதும்.

சொறி (ஜெல்லி மீன்), திருக்கை ஆகியவற்றால் ஆபத்து உண்டா?

உண்டு, ஆனால் அஞ்சி ஓடும் அளவுக்கு இல்லை. இழுதுபோல மிதக்கும் சொறி உடலில் பட்டால் தேய்க்காதீர்கள். நல்ல தண்ணீரையும் ஊற்றாதீர்கள், அது எரிச்சலைக் கூட்டும். கடல்நீராலேயே கழுவி, ஒட்டியிருக்கும் இழைகளை ஓர் அட்டையின் விளிம்பாலோ குச்சியாலோ எடுத்துவிடுங்கள். திருக்கை ஆழமற்ற மணலில் புதைந்து கிடக்கும். மிதித்தால் வால் முள்ளால் குத்தும். பாதத்தைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நடந்தால் அதிர்வு கேட்டு அது விலகிவிடும். கரையோர மீனவர்கள் அப்படித்தான் நடக்கிறார்கள். குத்திவிட்டால், பொறுக்கும் சூட்டில் உள்ள வெந்நீரில் அந்த இடத்தை அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். அதன்பின் மருத்துவமனைக்குப் போவது கட்டாயம். மூச்சுத் திணறலோ மயக்கமோ தோன்றினால் எதற்கும் காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

கடல்பசுவைப் பார்க்க முடியுமா?

பார்க்க முடியும் என்று யாராவது உறுதி கூறினால் நம்பாதீர்கள். மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் இந்த விலங்கு, கடற்புல்லை மேய்ந்து வாழும் பாலூட்டி, கூச்சம் மிக்கது, மூச்சுவிட மேலே வருவதும் சில நொடிகள்தான். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022 செப்டம்பரில் தமிழக அரசு கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இவ்வகையில் இதுவே முதலாவது. வலையில் சிக்கிய ஆவுளியாவை, வலையை அறுத்தாவது கடலில் விடும் மீனவர்களுக்கு வனத்துறை வெகுமதி அளிக்கிறது. ஒரு காலத்தில் அதன் இறைச்சிக்கு விலை பேசிய கரையில் இது பெரிய மாற்றம்.

அதன் வாழிடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பேராவூரணி வழியாக மனோராவுக்குச் செல்லலாம். காரைக்குடியிலிருந்து இரண்டு மணி நேரம். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாகச் சரபோஜி மன்னர் 1814-இல் எழுப்பிய எட்டடுக்குக் கோபுரம் கடலோரத்தில் நிற்கிறது. தஞ்சை மன்னர் எதற்காக நெப்போலியனின் தோல்வியைக் கொண்டாடினார் என்று பிள்ளைகள் கேட்பார்கள். விடையை முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கோடியக்கரைக்கும் முத்துப்பேட்டைக்கும் ஒரே நாளில் போய்வரலாமா?

போகலாம், ஆனால் இரண்டையும் அரைகுறையாகத்தான் பார்ப்பீர்கள். காரைக்குடியிலிருந்து கோடியக்கரை ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம். வேதாரண்யத்தில் ஓர் இரவு தங்குவதே முறை.

கோடியக்கரைச் சரணாலயம் 1967-இல் அமைந்தது. 2002-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. கடலையும் காட்டையும் உப்பளத்தையும் ஒரே காலைப்பொழுதில் பார்க்கும் இடம் இது. புல்வெளியில் திரியும் வெளிமான்களில் வளர்ந்த ஆண்கள் மேலே கருமையும் வயிற்றில் வெண்மையுமாக, முறுக்கிய கொம்போடு தனித்துத் தெரியும். மனிதரோடு பழகாமல் வளர்ந்த காட்டு மட்டக்குதிரைகளும் உண்டு. பூநாரைகளுக்கும் கரையோரப் பறவைகளுக்கும் டிசம்பர், ஜனவரி சிறந்தவை. அதிகாலையில் உள்ளே நுழைந்துவிடுங்கள். எட்டரை மணிக்குமேல் மான்கள் புதருக்குள் போய்விடும். திரும்பும் வழியில் வேதாரண்யத்தில் 1930 ஏப்ரல் 30 அன்று இராஜாஜி தலைமையில் உப்பு அள்ளிய இடத்து நினைவுத்தூணைப் பார்க்கலாம்.

முத்துப்பேட்டையில் உள்ளது தமிழகத்தின் மிகப் பெரிய அலையாத்திக் காடு. ஜாம்பவானோடைப் பக்கம் படகேறி, காட்டைக் கடந்ததும் சட்டென்று விரியும் உப்பங்கழிக்குப் போய்வர அரைநாள் ஆகும். வனத்துறையின் அனுமதி தேவை. காரங்காட்டைப் பார்த்துவிட்டவர்கள் நேரமில்லை என்றால் இதை விட்டுவிடலாம். ஆனால் பரந்த நீர்ப்பரப்பை விரும்புகிறவர்கள் விடக்கூடாது.

அவ்வளவு தூரம் போகாமல் பறவைகளைப் பார்க்க வழியுண்டா?

திருப்பத்தூர் அருகே வேட்டங்குடி இருக்கிறது. கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டிக் கண்மாய்கள் சேர்ந்த இச்சரணாலயம் 1977-இல் அறிவிக்கப்பட்டது. மழை சரியாகப் பெய்து கண்மாய் நிரம்பிய ஆண்டில், நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் நீர்க்காகமும் கருவேல மரங்களில் கிளைக்குக் கிளை கூடு கட்டியிருக்கும். இந்தப் பறவைகள் பயந்துவிடக் கூடாது என்பதற்காக இங்குள்ள கிராமத்தார் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. தீபாவளிக்கு ஊருக்கு வரும் பிள்ளைகளை, வேண்டுமானால் வெடிப் பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு, ஒரு காலையில் அங்கே அழைத்துச் செல்லுங்கள். மழை பொய்த்த ஆண்டில் கண்மாய் வறண்டு கிடக்கும். ஊர்க்காரர்களிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

பங்குனி ஆமை முட்டையிடுவதைப் பார்க்கலாமா?

ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஆமைகள் இரவில் கரையேறி மணலைத் தோண்டி முட்டையிடும். முட்டைகளை வனத்துறையினர் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். குஞ்சு விடும் நாளில் அனுமதித்தால் பார்க்கலாம். நீங்களாகவே இரவில் டார்ச் விளக்கோடு கரையில் திரிவது ஆமையைத் திரும்பிப் போகச் செய்துவிடும்.

சங்கும் பவளமும் வாங்கி வரலாமா?

பவளம் எந்த வடிவிலும் வேண்டாம். உயிருள்ளதோ, இறந்து கரையொதுங்கியதோ, "மிதக்கும் கல்" என்று வாளித் தண்ணீரில் போட்டுக் காட்டப்படுவதோ, எதுவானாலும் கடற்பவளம் 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகிறது. கடல் அட்டை, கடல் குதிரை ஆகியவற்றுக்கும் அதே சட்டம். காயவைத்து விற்கும் கடல் குதிரையை மருந்து என்று யார் சொன்னாலும் கையில் வாங்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டால் விளக்கம் சொல்லித் தப்ப முடியாது. பூசைக்கான வலம்புரி என்று வழியில் விற்பவற்றில் போலிகள் மிகுதி.

எப்படிப் போவது? ரயில் உண்டா?

காரைக்குடியிலிருந்து மானாமதுரை, இராமநாதபுரம் வழியாக இராமேசுவரத்துக்கு ரயில் உண்டு. தண்டவாளம் செங்குத்தாக மேலே எழும்பிக் கப்பலுக்கு வழிவிடும் புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. ஜன்னலோர இருக்கைக்காக மட்டுமே ஒருமுறை ரயிலில் போகலாம். முத்துப்பேட்டைக்கு அறந்தாங்கி, பட்டுக்கோட்டை வழியாகச் செல்லும் ரயில் பாதை இருக்கிறது. ஆனால் காரங்காடு, அரியமான், பிச்சைமூப்பன்வலசை போன்ற இடங்களுக்கு வாடகைக் கார்தான் வசதி. பேருந்தில் போனால் சாலையில் இறக்கிவிடுவார்கள், அங்கிருந்து ஆட்டோ கிடைப்பது உங்கள் நேரத்தைப் பொறுத்தது.

எங்கே தங்குவது?

தொண்டி, காரங்காடு, வேட்டங்குடி ஆகியவற்றைக் காரைக்குடியிலோ கானாடுகாத்தானிலோ தங்கியபடியே பார்த்துவிடலாம். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பலாம். மன்னார் வளைகுடாவுக்கும் தனுஷ்கோடிக்கும் இராமநாதபுரத்திலோ இராமேசுவரத்திலோ ஓர் இரவு தேவை. அமாவாசை நாட்களில், குறிப்பாக ஆடி, தை அமாவாசையில், இராமேசுவரத்தில் அறை தேடாதீர்கள்.

நல்ல மீன் சாப்பாடு எப்போது, எங்கே கிடைக்கும்?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அப்போது நாட்டுப்படகு மீன் மட்டும் வரும். அளவு குறைவு, விலை கூடுதல், ஆனால் அன்றாடம் பிடித்தது என்பதால் சுவைக்குக் குறைவில்லை. பாக் விரிகுடாவின் பெருமை நீலக்கால் நண்டு. கரையில் வாங்கி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து, ஆச்சி ஒருவரின் கையில் கொடுத்து நண்டு ரசம் வைக்கச் சொல்வதுதான் நான் அறிந்தவற்றுள் சிறந்த வழி. வாங்கும்போது தூக்கிப் பாருங்கள்; கனமாக இருப்பதே சதைப்பற்று உள்ளது. அடிவயிற்று மடிப்பில் முட்டைத் திரளோடு இருக்கும் தாய் நண்டை வாங்காமல் விடுங்கள், விற்பவர் விலையைக் குறைத்தாலும்.

புறப்படுமுன் கடைசியாகச் சரிபார்க்க வேண்டியவை எவை?

வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கை. மீனவர்கள் கடலுக்குப் போகவில்லை என்றால் நீங்களும் போக வேண்டாம். படகு அன்று உண்டா என்பதற்கு வனத்துறையின் மறுமொழி. அடையாள அட்டை, ஏனெனில் இது எல்லையோரக் கடல் என்பதால் சில இடங்களில் கேட்பார்கள். டிரோன் கருவியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கையில் சில்லறைப் பணம் இருக்கட்டும். காட்டோரத்தில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காத இடங்கள் உண்டு.